மரபணு ரத்தப் பரிசோதனை செய்தால் ஸ்கேனை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பல வருடமாக ஹெபடைடிஸ் பி இருக்கிறது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை. அப்பா கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) டெஸ்ட்டும் எடுக்கிறேன். இப்போது மரபணுவை வைத்தே ஆரம்பத்தில் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறதாமே. அதைச் செய்துகொண்டு ஸ்கேனை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொன்னால் அதைக் கூடுதலாகச் செய்துகொள்ளலாம், ஸ்கேனுக்குப் பதிலாக வேண்டாம்.

இன்னும் நல்ல பரிசோதனை வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். கட்டி சிறிதாக இருக்கும்போது பலருக்கு ஏ.எஃப்.பி. ஏறுவதே இல்லை. ஹெபடைடிஸ் பி தீவிரமானால் புற்றுநோய் இல்லாமலே ஏறிவிடும். சிரோசிஸ் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தே ஆரம்ப நிலைப் புற்றுநோயில் சுமார் 63 சதவீதத்தைத்தான் பிடித்தன.

புதிய பரிசோதனை தேடுவது வேறு. செத்துப்போகும் செல்கள் தங்கள் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. புற்றுநோய் செல்லின் துணுக்கில் சில குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் அடையாளங்கள் (டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் சிறு வேதிக் குறிகள்) மாறியிருக்கும். அதைத்தான் படிக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். சிறிய கட்டி விடும் துணுக்குகள் மிகக் குறைவு, சில மணி நேரத்தில் அவையும் அழிந்துவிடும். எடுத்த குழாயில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுத்து நாள்கணக்கில் வைத்திருந்தால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ.வும் கலந்துவிடும். அதனால்தான் இதற்குத் தனிக் குழாய் பயன்படுத்துகிறார்கள், இல்லையென்றால் சீக்கிரமே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களைப் போன்ற 1000 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அதில் 7 பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்கிறது. அப்படியும் மீதி 99 பேருக்கு வீணாக ‘பாசிட்டிவ்’ வரும். மொத்த பாசிட்டிவ் 106, உண்மையில் நோய் உள்ளவர்கள் 7. தப்பிய 3 பேர் ‘நெகட்டிவ்’ என்ற தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். எனக்குக் கவலை அந்த மூவரைப் பற்றித்தான், ஏனென்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடுவது அவர்கள்தான்.

பாசிட்டிவ் வந்தாலும் கட்டி எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்பதை ரத்தம் சொல்லாது. அதற்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும்.

செய்துகொள்வதாக இருந்தால் பரிசோதனைக் கூடத்தில் இதைக் கேளுங்கள்: ஆரம்ப நிலைப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் எத்தனை சதவீதம் பிடிக்கிறது? விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணில் பெரும்பாலும் முற்றிய நோயும் சேர்ந்திருக்கும். அப்புறம், யாரோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் அழகாகத் தெரியும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களோடு ஒப்பிட்ட கணக்குதான் உங்களுக்கு உதவும்.

இன்னொன்று. அப்பாவிடமிருந்து வந்த மரபணுவை இந்தப் பரிசோதனை படிப்பதில்லை. கல்லீரல் புற்றுநோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தால் பல நேரம் காரணம் வீட்டுக்குள் பரவிய ஹெபடைடிஸ் பி வைரஸ். அது கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே நுழைந்துகொள்வதால் சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோய் வரலாம். உங்கள் வைரஸ் அளவைப் பார்த்து மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுக்கட்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.