ஒன்ராறியோ லண்டனுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இரண்டு ஆண்டுகளாக இருப்பதாகவும், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்பதால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள இந்த லண்டன் நகரத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் ஸ்காபரோவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு 2009இல் இங்கே வந்தவள். வந்ததற்காக இப்போது வருந்தவில்லை. ஆனால் முதல் இரண்டு குளிர்காலங்களிலும் திரும்பிப் போவோம் என்று கணவரோடு சண்டை பிடிக்காத கிழமை இல்லை. அந்தச் சண்டையின் காரணம் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லாத ஒன்று: உங்கள் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியுமா, தம்பி?

முதலில் நீங்கள் கேட்ட வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டு விலை ரொறன்ரோவைவிட இங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் கொரோனாக் காலத்தில் உங்களைப் போலவே யோசித்த பலரும் இந்தப் பக்கம் வந்ததில் விலை வெகுவாக ஏறியதால், நாங்கள் வாங்கிய காலத்து இடைவெளி இப்போது இல்லை. அதிகம் பேர் கணக்கில் எடுக்காத ஒரு லாபம், வீடு வாங்கும்போது கட்டும் கைமாற்று வரியில் இருக்கிறது. ரொறன்ரோ எல்லைக்குள் வாங்குபவர் மாகாணத்துக்கு ஒரு முறையும் நகரத்துக்கு ஒரு முறையுமாக அந்த வரியைக் கட்ட வேண்டும். லண்டனில் மாகாண வரி மட்டுமே. ஏழு லட்சம் டொலர் வீடொன்றுக்கு, முதல் வீடு வாங்குபவருக்கான சலுகை போன பிறகும், ரொறன்ரோவின் நகர வரி மட்டும் 6,000 டொலர் வரும். மறுபுறம், ஆண்டுதோறும் கட்டும் சொத்துவரியின் வீதம் இங்கே அங்கேயுள்ளதைவிட அதிகம் என்பதால், வீட்டு முகவர் அதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள். கார்க் காப்புறுதி தபால் குறியீட்டைப் பொறுத்தது. ஸ்காபரோவிலிருந்து வருபவர்களுக்கு அது பெரும்பாலும் இறங்கும். வந்தவுடன் வாங்காமல் வாடகைக்கு இருப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முறையாகக் குடியிருப்புக்கு விடப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பளபளப்பான புதிய அடுக்குமாடியைப் பார்த்து மயங்கினால், அடுத்த ஆண்டு உரிமையாளர் சொல்வதே வாடகையாக இருக்கும்.

காப்புறுதி இறங்குகிறதே என்று மகிழ்வதற்கு முன், இங்கே ஒரு கார் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் சனத்தொகை 4 லட்சத்து 22 ஆயிரம்; ஸ்காபரோவில் மட்டுமே இதைவிடக் கூடுதலான சனம் இருக்கிறது, ஆனால் அங்கே ஃபின்ச் வீதியில் ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்தது வரும். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பல தடங்களில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். எங்கள் முதல் பெப்ரவரியில், சின்னவனுக்குக் காதுவலி என்று அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நடைபாதைப் பனியை வாரி நிறுத்தத்தின் முன்னால் குவித்திருந்ததால், வண்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குவியலின் மேல் ஏறுவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வந்து கொஞ்சத் தூரம் போனதும் தண்டவாளத்தின் தடுப்புக் கம்பு இறங்கியது. நகரத்தின் நடுவாலேயே சரக்கு ரயில்கள் போகின்றன. அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குப் பெட்டிகளை எண்ணிக் காட்டி நூறைத் தாண்டியபோது நானே அழத் தொடங்கிவிட்டேன். அன்றிரவே ஜி1 என்னும் பழகுநர் உரிமத்துக்கான பரீட்சைப் புத்தகத்தை எடுத்தேன். ஜி1 எடுத்தவர், தனியாகக் கார் ஓட்ட அனுமதிக்கும் ஜி2 பரீட்சைக்குப் போக 12 மாதம் பொறுக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் வகுப்பை முடித்தால் 8 மாதம். ஆகவே உங்கள் மனைவி ஸ்காபரோவில் இருக்கும்போதே அந்த மாதங்களை ஓடவிட்டால், இங்கே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காலம் மிச்சமாகும்.

வேலை விடயத்தில், கிழமைக்கு இரண்டு நாள் என்பதை நம்பி வீடு வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து. அது மூன்று நாளாக மாறுவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஸ்காபரோவுக்குப் போக ஏறக்குறைய 200 கிலோமீற்றர், வழியில் மில்டன் என்ற ஊரைத் தாண்டியதும் நெரிசல். 2021 அக்டோபரில் இங்கிருந்து பரீட்சார்த்தமாக ஒரு கோ ரயில் (மாகாணத்தின் புறநகர் ரயில்) விட்டார்கள். ரொறன்ரோ போய்ச்சேர நான்கு மணி நேரமளவு எடுத்த அந்தச் சேவையை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். நாட்டின் நெடுந்தூர ரயிலான வியா விரைவாகப் போகும், ஆனால் அந்தப் பயணச்சீட்டு விலை தினசரிப் பயணத்துக்கு ஏற்றதல்ல. அதனால் உள்ளூரிலேயே உங்கள் துறையில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைகள், வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், ஃபன்ஷா கல்லூரி, காப்புறுதி நிறுவனங்கள் ஆகியவையே இங்கே நிலையான வேலை தருபவை. தொழிற்சாலைகள் அப்படியல்ல: பக்கத்திலுள்ள செயின்ட் தாமஸ் ஊரின் ஃபோர்ட் கார் ஆலை 2011இலும், லண்டனிலேயே இருந்த ரயில் எஞ்சின் ஆலை 2012இலும் மூடப்பட்டன. பெரிய நகரத்தில் ஒரு வேலை போனால் அதே பஸ்ஸில் ஏறி இன்னொன்றைத் தேடலாம். இங்கே தேடல் விரைவில் முடிந்துவிடும், பிறகு ரொறன்ரோ போகும் 401 நெடுஞ்சாலைதான். உங்கள் மனைவி முதியோர் பராமரிப்புப் படிப்பு முடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, உண்மையில் இங்கே அவருக்குத்தான் உங்களைவிட எளிதாக வேலை கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வேலையில் காலை ஏழு மணி ஷிஃப்ட் இருக்கும். அதற்கும் கார்தான் வேண்டும்.

நம்முடைய சாமான் வாங்கக் கடைகள் இருக்கின்றன, கோயிலும் இருக்கிறது. இடியப்பத்துக்காக யாரும் நாடு திரும்பத் தேவையில்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறையாவது குளிர்ப்பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ போய் மீன் வாங்கிவரும் பழக்கம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் போகவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பதில் அங்கே நீங்கள் கொண்டுபோய் விட்டால் போதும். இங்கே நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தாங்களே ஆசிரியர்களாக வேண்டியிருக்கும். எங்கள் மூத்தவள் அப்படித்தான் எழுதப் படித்தாள், சின்னவன் தப்பிவிட்டான். சாமத்தியவீடு, கல்யாணம் என்றால் முன்கூட்டியே தெரியும், போய்விடலாம். செத்தவீடு அப்படியல்ல. என் சின்னம்மா ஜனவரியில் காலமானபோது, ஹியூரன் ஏரியிலிருந்து வரும் பனிப்பொழிவில் வழியிலுள்ள வூட்ஸ்டொக்கையும் தாண்ட முடியாமல் திரும்பி வந்து, ஈமக்கிரியையைக் கைபேசியில் பார்த்தேன்.

இங்கே கிடைப்பதை விட்டுச் சொன்னால் நேர்மையாகாது. என் கணவர் வேலைக்குப் போக 18 நிமிடம் எடுக்கும். அவர் ஐந்தே காலுக்கு வீட்டில் நிற்பார், பிள்ளைகள் அவரை விழித்திருந்து பார்த்தே வளர்ந்தார்கள். ஸ்காபரோவில் இருந்த ஆறு ஆண்டுகளில் மூத்தவள் அவரைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மனிதராகத்தான் அறிந்திருந்தாள். பின்வளவில் கத்தரியும் பச்சைமிளகாயும் வைக்கிறேன்; கறிவேப்பிலைச் சாடியை மட்டும் ஒக்டோபரில் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

வருவதென்று தீர்மானித்தால், இங்கே ஒருவர் கிடைக்கும்வரை ஸ்காபரோவிலுள்ள குடும்ப வைத்தியரை விடாதீர்கள். சுகாதார அட்டை மாகாணம் முழுவதற்கும் ஒன்றே, முகவரியை மாற்றினால் போதும். வீடு பார்க்க ஜூனில் வராதீர்கள், பெப்ரவரியில் வாருங்கள். பிடித்த வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, நீங்கள் பிள்ளைகளுடன் காரிலேயே இருங்கள். உங்கள் மனைவி அங்கிருந்து பஸ்ஸில் போய் ஒரு பை பால் வாங்கிக்கொண்டு வரட்டும். அவர் திரும்பி வந்த பிறகு அவரிடம் கேளுங்கள்.