எண்ணாக இருந்தால் போதுமா? மாறிகள் பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி: வாடிக்கையாளர் எண், அஞ்சல் குறியீடு எல்லாம் எண்கள்தானே? அவை அளவுசார் மாறிகள் ஆகாதா?

ஆகாது. மாறி என்றால் ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஒரு தகவல். கூட்டிக் கழித்தால் பொருள் தரும் எண்ணாக இருந்தால்தான் அது அளவுசார் மாறி. இரண்டு அஞ்சல் குறியீடுகளைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், வரும் விடைக்கு ஏதாவது பொருள் உண்டா? அவை எண் வேடம் போட்ட பெயர்கள், அதாவது பண்புசார் மாறிகள். மென்பொருளுக்கு இது தெரியாது, கேட்டால் அதற்கும் சராசரி போட்டுக் கொடுத்துவிடும். தரவை உள்ளே கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று குறித்துவிடுங்கள். முன்னால் நிற்கும் பூஜ்யமும் தப்பிக்கும்.

கேள்வி: திருப்தியை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்கிறோம். அதற்குச் சராசரி போடலாமா?

ஓயாத சண்டை இது. 1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் அளவீடுகளைப் பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தார். உங்கள் மதிப்பெண் வரிசை வகை. 5 என்பது 4-ஐ விட மேல், அவ்வளவுதான் நிச்சயம். 1-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளிதான் 4-க்கும் 5-க்கும் இருக்கிறது என்று யார் சொன்னது? கறாராகப் பார்த்தால் இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), முகடும் (அதிகம் பேர் போட்ட மதிப்பு) மட்டும்தான் இங்கே செல்லும்.

நடைமுறையில் எல்லோரும் சராசரி போடுகிறார்கள், நானும் தடுப்பதில்லை. ஆனால் அதை மட்டும் காட்டாதீர்கள். பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் 3. இடைநிலைகூட இங்கே கைகொடுக்காது, அதுவும் 3-தான். எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்ற பட்டியலைப் பக்கத்திலேயே வையுங்கள்.

கேள்வி: பணம் தனித்த மாறியா, தொடர் மாறியா?

தனித்த மாறி படிப்படியாகத் தாவும், தொடர் மாறி இடையில் எந்த மதிப்பையும் எடுக்கும். பணத்துக்கு ஒரு மிகச் சிறிய அலகு உண்டு, அதனால் இலக்கணப்படி தனித்த மாறி. படிகள் மிகப் பொடியாக இருப்பதால் தொடர் மாறியாகவே கையாளுகிறோம், தப்பில்லை.

கேள்வி: சந்தாவைப் புதுப்பித்தவர், புதுப்பிக்காதவர் என்பதற்கு 1, 2 என்று குறியீடு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் 1, 0 என்று கொடுத்தால் ஒரு லாபம் உண்டு. 200 பேரில் 130 பேர் புதுப்பித்திருந்தால் சராசரி 0.65 வரும். அதுவே புதுப்பித்தவர் விகிதம், 65 சதவீதம். மூன்று வகைகள் இருந்தால் 0, 1, 2 என்று நீட்டாதீர்கள். இரண்டு வகைகளுக்குத் தனித்தனி 0-1 நெடுவரிசைகள் போடுங்கள், மூன்றாவது வகைக்கு இரண்டிலும் 0 வரும்.

கேள்வி: விளம்பரச் செலவு சாரா மாறி, விற்பனை சார்ந்த மாறி. அப்படியென்றால் விளம்பரத்தால்தான் விற்பனை கூடியது என்று எழுதலாமா?

எதை வைத்துக் கணிக்கிறோமோ அது சாரா மாறி, எதைக் கணிக்கிறோமோ அது சார்ந்த மாறி. அந்தப் பெயர்கள் நாம் வைத்தவை, அவை சாட்சி ஆகாது. பல நிறுவனங்கள் விற்பனையில் இத்தனை சதவீதம் என்றுதான் விளம்பரத்துக்கே ஒதுக்குகின்றன. அங்கே அம்பு எதிர்ப்பக்கம் பாய்கிறது. சீசன் வந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். 'சேர்ந்து கூடின' என்பதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: வயதை 18–25, 26–35 என்று பிரிவுகளாகக் கேட்கலாமா?

முடிந்தவரை நேரடி வயதையே கேளுங்கள். பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம், பிரிவாக வாங்கியதை மீண்டும் வயதாக்க முடியாது. வருமானம் என்றால் கதை வேறு. சரியான தொகை கேட்டால் பலர் பதிலே சொல்ல மாட்டார்கள், அதற்குப் பிரிவுகளே மேல்.