ஐந்து தொடர் தோல்வி, 113 புள்ளி சரிவு: அடுத்த போட்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. செஸ் ஆடுகிறான். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) கிளாசிக்கல் ரேட்டிங், அதாவது நீண்ட நேர ஆட்டங்களுக்கான தர எண், 1684. காலாண்டு விடுமுறையில் சென்னையில் நடந்த, 1800-க்குக் கீழ் உள்ளவர்களுக்கான போட்டியில் 9 சுற்றில் மூன்றரைப் புள்ளிதான் எடுத்தான். நான்காம் சுற்றிலிருந்து எட்டாம் சுற்று வரை வரிசையாக ஐந்து தோல்வி. 1ஆம் தேதி ஃபிடேவின் ரேட்டிங் லிஸ்ட் வந்தால் 1571 ஆகிவிடும் என்று அவனே கணக்குப் போட்டுச் சொல்கிறான். அன்றிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை மொபைலில் மூன்று நிமிட பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்). லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் 200 புள்ளி போய்விட்டது. ஒருநாள் "இனிமே செஸ்ஸே வேணாம்மா" என்கிறான், மறுநாள் "அடுத்த டோர்னமென்ட்ல பிடிச்சிடுவேன்" என்கிறான். அந்த அடுத்த போட்டி இந்த மாதக் கடைசி வாரத்தில். பணம் கட்டியாயிற்று. கோச் ஓப்பனிங்கை (ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் வரிசையை) மாற்றச் சொல்கிறார். இவன் அப்பாவோ எல்லாம் கவனக்குறைவு என்கிறார். அனுப்பலாமா? எதிராளிகளின் ரேட்டிங்கையும் எழுதியிருக்கிறேன்.
— ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: இந்த மாதப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த 113-ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம். வீட்டில் மூன்று பேரும் பயந்திருப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஃபிடே கணக்கில் 'கே' என்று ஒரு பெருக்கல் எண் உண்டு. 18 வயது நிறையும் ஆண்டு முடியும் வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழ் இருந்தால், அது 40. முப்பது ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்ட பெரியவர்களுக்கு, 2400-ஐத் தொடும்வரை 20. எதிராளியின் ரேட்டிங்கை வைத்து உங்கள் மகன் எத்தனை புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு வரும். எடுத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 40-ஆல் பெருக்குவார்கள். நீங்கள் எழுதியனுப்பிய ஐந்து தோல்விகளில் 1700-இடம் தோற்றதற்கு 19.2 போயிற்று. 1620-இடம் 23.6, 1510-இடம் 29.2, 1480-இடம் 30.4, 1450-இடம் 31.6. மொத்தம் 134. 1530-ஐயும் 1460-ஐயும் ஜெயித்தது, 1690-இடம் டிரா செய்தது, மூன்றும் சேர்ந்து 20.8 திரும்பக் கொடுத்தன. முதல் சுற்றில் ரேட்டிங் இல்லாத பையனை ஜெயித்தது கணக்கிலேயே வராது. ஆக 113. உங்கள் மகன் போட்ட கணக்கு சரி. இதே ஆட்டங்களை இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஆடியிருந்தால் 57-தான் இறங்கியிருக்கும்.

அந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். 1700, 1620, 1510, 1480, 1450. ஸ்விஸ் முறையில் சமப் புள்ளி எடுத்தவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். தோற்கத் தோற்கக் கீழ் போர்டுக்குப் போகிறான், எதிராளியின் ரேட்டிங் இறங்குகிறது, அடுத்த தோல்வியின் விலை ஏறுகிறது. 1450-ஐ ஜெயித்திருந்தாலும் கிடைப்பது 8.4-தான். போதாக்குறைக்கு, கீழ் போர்டில் உட்கார்ந்திருக்கும் அந்த 1450 பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளையாக இருக்கும். வாராவாரம் கோச்சிங் போகும், ரேட்டிங் மட்டும் இன்னும் ஏறியிருக்காது. 2024 மார்ச்சில் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்திய பிறகும் சென்னைப் போட்டிகளில் இந்த நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. 'சின்னப் பசங்ககிட்டயா தோத்த' என்று வீட்டில் யாராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஐந்து தொடர் தோல்வியே ஏதோ கோளாறு என்று காட்டவில்லையா என்று கேட்கலாம். பத்துக்கு நான்கு ஆட்டம் தோற்கும் ஒருவர் நூறு ஆட்டம் ஆடினால், ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனி என்று வைத்துக்கொண்டாலே, ஐந்து தோல்வி வரிசையாக ஒருமுறையாவது வர ஏறத்தாழ 45 சதவீத வாய்ப்பு உண்டு. நிஜத்தில் ஒரு தோல்வி அடுத்த ஆட்டத்தைப் பாதிக்கும், அதனால் வாய்ப்பு இன்னும் கூடுதல். கே 40 என்பது ஏறுவதற்கும் உதவும். அவன் ஆட்டம் நிஜமாகவே 1684 தரத்தில்தான் இருக்கிறது, ரேட்டிங் மட்டும் 1571 என்றால், சராசரி 1650 உள்ளவர்களோடு 9 ஆட்டம் ஆடும்போது சராசரியாக 58 புள்ளி திரும்பி வரும். ஒரே போட்டியில் பாதி.

இங்கேதான் தேதி முக்கியம். ஃபிடே லிஸ்ட் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வரும். போட்டி தொடங்கும் நாளில் எந்த லிஸ்ட் நடப்பில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கு. இந்த மாதக் கடைசியில் ஆடினால் 1684-ஆகவே உட்காருவான். மேலே சொன்ன கடுமையான எதிர்பார்ப்பு அப்படியே இருக்கும், இரண்டு போட்டியின் சரிவும் ஒரே லிஸ்டில் சேர்ந்து விழலாம். அடுத்த மாதம் 1571-ஆக உட்கார்ந்தால் அதே ஆட்டத்துக்கு அதிகப் புள்ளி வரும். இது சின்னக் காரணம்தான். அந்த ஐந்து ஆட்டங்களையும் யாரும் இன்னும் திறந்தே பார்க்கவில்லை என்பது பெரிய காரணம். உங்கள் கடிதத்தில் பிளிட்ஸ் இருக்கிறது, ஓப்பனிங் இருக்கிறது, அப்பாவின் கோபம் இருக்கிறது. நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட் பற்றி ஒரு வரி இல்லை.

ஸ்கோர் ஷீட் பிரதிகளை எடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், நாற்பது நிமிடம், மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். பலகையில் காய் வைத்து அவனே ஆடிப் பார்க்க வேண்டும். மூன்று இடங்களில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்: தெரிந்த ஓப்பனிங் நகர்த்தல்கள் முடிந்த இடம், 'ஐயோ, சரியில்லையே' என்று முதலில் தோன்றிய இடம், ஆட்டம் கை நழுவிய இடம். மூன்றாவது இடத்துக்குப் பக்கத்தில் அப்போது என்ன நினைத்தான் என்று ஒரு வரி. 'எதிராளி குதிரையைப் பார்க்கவே இல்லை' என்பதும் பதில்தான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்), அதுவும் பத்து நிமிடம். முதலிலேயே என்ஜினைப் போட்டால் அது ஒரு நகர்த்தலைக் காட்டும், பையன் 'ஓ, இதுவா' என்று தலையாட்டுவான். தான் எப்படி யோசித்துத் தவறினான் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

ஐந்தும் முடிந்ததும் காரணங்களை எண்ணுங்கள். ஒரே நகர்த்தலில் காயை விட்டதா, எதிராளியின் மிரட்டலைக் கவனிக்காததா, நேரம் தீர்ந்ததா, ஓப்பனிங்கிலேயே திணறியதா, ஜெயிக்கும் நிலையைக் கோட்டைவிட்டதா. ஐந்தில் மூன்று ஒரே காரணமாக இருந்தால் அடுத்த மூன்று வாரத்துக்கு அது ஒன்றுதான் வேலை. கோச் சொன்ன ஓப்பனிங் மாற்றத்தையும் இந்தக் கணக்கு வந்த பிறகு பேசலாம். இந்த ரேட்டிங்கில் பெரும்பாலான ஆட்டங்கள் ஓப்பனிங்கில் தோற்பதில்லை, பதினைந்தாவது நகர்த்தலுக்குப் பிறகு ஏதாவது ஒரு காயை இலவசமாகக் கொடுத்துத் தோற்கின்றன. பழக்கமில்லாத ஓப்பனிங்கோடு அடுத்த போட்டிக்குப் போனால் பன்னிரண்டாவது நகர்த்தலிலேயே அரை மணி நேரம் போயிருக்கும். ஐந்தில் மூன்று ஆட்டம் ஒரே ஓப்பனிங்கில் இருபது நகர்த்தலுக்குள் முடிந்திருந்தால் மட்டும் கோச் சொல்வது சரி.

நேரம்தான் காரணமா என்று தெரிய ஸ்கோர் ஷீட்டில் கடிகாரம் இருக்க வேண்டும். ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மீதி நிமிடத்தை ஓரத்தில் எழுதுவது விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான், ஆர்பிட்டர் (நடுவர்) ஒன்றும் சொல்ல மாட்டார். 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 நொடி கூடுதல் என்றால் நாற்பது நகர்த்தலுக்கு மொத்தம் 110 நிமிடம், சராசரி இரண்டே முக்கால் நிமிடம். இருபதாவது நகர்த்தலில் 45 நிமிடமாவது மிச்சமிருந்தால் நல்லது. தோல்வி வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மணிக்கணக்கில் நேரம் வைத்துக்கொண்டே ஐந்து நொடியில் காயை நகர்த்துவார்கள். சீக்கிரம் ஜெயித்து முந்தைய தோல்வியை அழித்துவிடும் அவசரம் அது. ஏழாம், எட்டாம் சுற்று ஷீட்டில் இதைத் தேடுங்கள். இருந்தால், நகர்த்தும் முன் மூன்று கேள்வி: எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும், எதை மிரட்டுகிறான்? முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இதை எத்தனை நகர்த்தலில் செய்தான் என்று மட்டும் கேளுங்கள்.

ராத்திரி பிளிட்ஸ் இன்றைக்கே நிற்க வேண்டும். இந்தச் சரிவில் நிஜமான சேதம் செய்துகொண்டிருப்பது அதுதான். சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க உட்காருகிறவனின் கணக்குத்தான் அங்கே ஓடுகிறது. லிசெஸ் ரேட்டிங் வேறு கணக்கு முறை, வேறு கூட்டம். அங்கே போன 200-க்கும் ஃபிடே ரேட்டிங்குக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனால் மூன்று நிமிட ஆட்டத்தில் பழகிய ஐந்து நொடி நகர்த்தல் போட்டி ஹாலுக்கும் வந்துவிடும், பன்னிரண்டு மணிவரை விழித்த களைப்பும் கூடவே வரும். முழுவதும் தடுத்தால் பாத்ரூமில் ஆடுவான். ஆகவே ராத்திரி ஒன்பதுக்கு மேல் இல்லை, மூன்று நிமிடத்துக்குப் பதில் நகர்த்தலுக்கு 10 நொடி கூடும் 15 நிமிட ஆட்டம், இரண்டு தோல்வி வந்தால் அன்றைக்கு முடிந்தது. லிசெஸ் அமைப்புகளில் ரேட்டிங்கையே மறைத்துவைக்க வசதி இருக்கிறது. அவன் கையாலேயே அதை மாற்றச் சொல்லுங்கள்.

போட்டி நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 டொரன்டோ கான்டிடேட்ஸ் போட்டியில் குகேஷ் ஏழாம் சுற்றில் நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அதன்பின் ஒரு தோல்வியும் இல்லாமல் 14-க்கு 9 எடுத்துப் போட்டியை வென்றார். நம் ஊர்ப் போட்டிகளில் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, ஓய்வு நாள் கிடையாது. அதை நீங்கள்தான் இரண்டு சுற்றுக்கு நடுவே உண்டாக்க வேண்டும். தோற்று வெளியே வந்தால் முதலில் தண்ணீர், பிறகு தயிர் சாதமோ இட்லியோ, பிறகு இருபது நிமிடம் நிழலில் நடை. அடுத்த சுற்று முடியும்வரை அந்த ஆட்டத்தை யாரும் எடுக்கக் கூடாது, மொபைலில் என்ஜின் கூடாது. ஹால் வாசலில் நிற்கும் மற்றப் பெற்றோர் 'என்னாச்சு, ஜெயிச்சானா?' என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து தள்ளி உட்காருங்கள்.

'கவனக்குறைவு' என்று அவன் அப்பா சொல்வதில் உண்மை இருக்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு பையன் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் சுற்றில் 23ஆவது நகர்த்தலில் எதிராளியின் செக்கைப் பார்க்கவில்லை என்று சொன்னால் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டத்தை அப்பாவும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும். செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பையன் சொல்வதைக் கேட்டு அந்த ஒரு வரியை எழுதிக்கொடுத்தால் போதும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? இன்னும் முப்பது ரேட்டட் ஆட்டம் ஆடிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், பயிற்சி முறையையே கோச்சோடு உட்கார்ந்து பேச வேண்டும். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், நண்பர்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் விலகினால் முப்பது ஆட்டம் வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரிடமோ கவுன்சலரிடமோ போங்கள். 'செஸ்ஸே வேணாம்' என்று ஒருநாள் சொல்வதற்கு மறுப்பும் தேவையில்லை, சம்மதமும் தேவையில்லை.

கட்டிய பணம் திரும்ப வராமல் போகலாம், போகட்டும். ஆனால் அமைப்பாளருக்கு இப்போதே விலகல் செய்தி அனுப்பிவிடுங்கள். பெயர் இருந்து ஆள் வராவிட்டால் முதல் சுற்றில் எதிராளி ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும், ஆடாத அந்த ஆட்டத்துக்கு அதற்கும் ரேட்டிங் கிடைக்காது.