தேசிக்காய் ஐஸ்கிறீம்: பால் திரையாமல் புளிப்பைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: காய்ச்சிய பாலில் சீனியும் தேசிப்புளியும் விட்டு ஐஸ்கிறீம் செய்தால் பால் திரைந்துவிடுகிறது. திரையாமல் வந்தாலும் கல்லுப்போல் உறைந்து வாயில் நறநறக்கிறது. இயந்திரம் இல்லாமல் வீட்டில் செய்ய வழியுண்டா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: வழி உண்டு. மணத்தையும் புளிப்பையும் வெவ்வேறு வேளையில் சேர்க்க வேண்டும். தேசிக்காயின் மணம் தோலின் பச்சைப் பகுதியிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. சாறு தருவது பெரும்பாலும் புளிப்பை மட்டுமே. பாலின் பிஎச் பெறுமானம் (புளிப்புக் கூடக்கூடக் குறையும் அளவு) 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் திரண்டு கட்டியாகிறது. பால் சூடாக இருந்தால் இது உடனே நிகழ்ந்துவிடும்.

ஆகையால் அரை லீற்றர் பாலில் 150 கிராம் சீனியையும், சிறிது குளிர்ந்த பாலில் கரைத்த இரண்டு மேசைக்கரண்டி கோன்பிளவரையும் சேர்த்துத் தடிக்கும்வரை காய்ச்சி இறக்கி, மூன்று தேசிக்காய்களின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவிப் போட்டு, அரை மணி நேரம் மூடிவைத்து வடித்துக்கொள்ளுங்கள். உள்ளேயுள்ள வெள்ளைப் பகுதி சிறிதளவு சேர்ந்தாலும் கசக்கும். இக்கலவை குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிர்ந்த பின்னரே, மூன்று மேசைக்கரண்டி தேசிப்புளியைச் சிறிது சிறிதாக விட்டு அடித்து, தாமதிக்காமல் உறைய வையுங்கள். கலவை சற்றுத் தடிப்பது இயல்பே. கோன்பிளவர் புரதம் பெருங்கட்டிகளாகத் திரள்வதைத் தடுக்கும். அலுமினியப் பாத்திரத்தைப் புளி அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே உகந்தது.

நறநறப்புக்குக் காரணம், மெதுவாக உறையும் நீர் பெரிய பளிங்குகளாக வளர்வதுதான். சீனி உறைநிலையைத் தாழ்த்தி ஐஸ்கிறீமை மென்மையாக வைத்திருப்பதால் அதைக் குறைக்காதீர்கள். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ் கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற அளவில் ஒரு வாளியில் நிரப்பினால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கும் அப்பால் இறங்கும். ஆனையிறவு உப்பளத்துக்கு அருகில் வாழும் உங்களுக்குக் கல்லுப்புக்குக் குறைவிருக்காது. மூடிய பாத்திரத்தை அதற்குள் இறக்கிச் சுழற்றி, சில நிமிடங்களுக்கொருமுறை திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலக்கினால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பதம் வரும். உப்புநீர் உள்ளே புகாமல் கவனியுங்கள். வாளி வசதி இல்லையெனில், உறைபெட்டியில் வைத்து முக்கால் மணிக்கொருமுறை எடுத்து, மூன்று நான்கு தடவை நன்றாக அடியுங்கள்.

ஆயினும், வன்னியில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது எருமைத் தயிரைத்தான். அது ஏற்கெனவே புளித்துத் திரண்டது; தேசிப்புளியால் அதற்கு எக்கேடும் நேராது. எருமைப்பாலின் கொழுப்பு பசும்பாலினதைவிட மிகக் கூடுதலாகையால் ஐஸ்கிறீமும் வழவழப்பாக அமையும். அரை லீற்றர் தயிரைத் துணியில் கட்டி நான்கு மணி நேரம் நீர் வடியவிட்டு, அரை ரின் கட்டிப்பாலும், தோல் துருவலும், இரண்டு மேசைக்கரண்டி புளியும் சேர்த்து அடித்தால் அடுப்பே தேவையில்லை.

தோடம்பழத்தில் செய்வதானால் சாற்றை மூன்றிலொரு பங்காகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் நீர் மிகுந்து மீண்டும் கல்லாகும். காய்ச்சும்போது போகும் மணத்தைத் தோல் ஈடுசெய்யும்; கடையில் வாங்கும் பழத்தின் தோலில் மெழுகு பூசியிருக்கக்கூடுமாகையால் வெந்நீரில் தேய்த்துக் கழுவிய பின் துருவுங்கள். மின்தடையால் முற்றாக உருகிய ஐஸ்கிறீமை மறுபடி உறையவைக்க வேண்டாம்; குளிர் மாறுவதற்குள் பருகிவிடுங்கள், வெதுவெதுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.