வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகளுடன் பூட்டான் போகிறோம். தலைநகர் திம்புவுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு, விமானம் இறங்கும் ஊரான பாரோவிலேயே தங்கிவிடலாமா?

விடாதீர்கள். பாரோவின் தக்சங் மடம் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அது செங்குத்தான மலையேற்றம். மூட்டுவலி உள்ள அம்மாவோ, பாதி வழியில் தூக்கச் சொல்லும் குழந்தையோ கூட இருந்தால் யாராவது ஒருவர் கீழே தங்க வேண்டியிருக்கும். திம்புவில் எங்கள் குடும்பத்தில் யாருமே சுற்ற வராமல் ஹோட்டலிலேயே இருந்துவிட வேண்டியிருக்கவில்லை. மூன்று தலைமுறையும் காலை முதல் இரவு வரை ஒன்றாகச் சுற்றினோம். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். திம்பு சுமார் 2,300 மீட்டர், ஊட்டியை விடச் சற்றே அதிகம். பாரோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

காலையில் முதலில் நினைவுச் சோர்ட்டனுக்குப் போங்கள். மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1972இல் மறைந்தார். அவர் நினைவாக அவருடைய தாயார் 1974இல் கட்டிய வெள்ளை ஸ்தூபி இது. பூட்டானின் நிரந்தரத் தலைநகராகத் திம்புவை ஆக்கியவரும் அந்த மன்னர்தான். அதற்கு முன் குளிர்காலத் தலைநகர் புனாகா, திம்பு பள்ளத்தாக்கில் சிதறிக் கிடந்த கிராமங்கள். இன்று பார்க்கும் நகரத்துக்கு அறுபது எழுபது வயதுதான் ஆகிறது.

சோர்ட்டனில் பார்க்க வேண்டியது கட்டடத்தை விட அங்கு வரும் முதியவர்களைத்தான். காலையிலேயே பிளாஸ்க்கும் ஜபமாலையுமாக வந்து, பெரிய சிவப்பு ஜபச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். ஊரின் தாத்தா பாட்டிகள் நாளைக் கழிக்கும் இடமே இதுதான். வலமாகச் சுற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுற்றி முடித்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பாட்டி தன் பையிலிருந்து டோமா எடுத்து நீட்டினார். டோமா என்றால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பாக்கு ஈரமாக, மணம் தூக்கலாக இருக்கும், மென்றால் உடம்பு சூடேறும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் சுண்ணாம்பு அளவைப் பற்றிக் கையாலேயே பேசிக்கொண்டார்கள். அரை மணி என்று கணக்குப் போட்டு வந்த இடம், அம்மாவை எழுப்பவே மனம் வரவில்லை. உங்கள் பெற்றோருக்கும் இங்கே நேரம் கொடுங்கள். மற்ற எதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து குழந்தைகளின் முறை. திம்புவின் மோத்திதாங் பகுதியில் டாக்கின் என்ற விலங்கின் காப்பகம் இருக்கிறது. டாக்கின் பூட்டானின் தேசிய விலங்கு. துருக்பா குன்லே என்ற துறவி ஒரு முழுப் பசுவையும் ஆட்டையும் தின்றுவிட்டு, பசுவின் எலும்பில் ஆட்டுத் தலையைப் பொருத்தி எழுப்பிவிட்டார் என்பது கதை. நேரில் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். முதலில் இது மிருகக்காட்சி சாலையாக இருந்தது. விலங்குகளை அடைப்பது தகாது என்று திறந்துவிட்டார்களாம். அவை காட்டுக்குப் போகாமல் தீனி தேடி நகரத் தெருக்களில் அலைந்ததால் மறுபடி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். என் மகள் இந்தக் கதையைத்தான் ஊர் திரும்பியும் எல்லோரிடமும் சொன்னாள்.

அப்புறம் தபால் நிலையம். தபால் நிலையத்தில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். உங்கள் குடும்பப் படத்தையே அஞ்சல்தலையாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், அதை ஒட்டி அஞ்சலட்டை அனுப்பலாம். பூட்டானின் அஞ்சல்தலைகள் உலகப் புகழ் பெற்றவை. 1970களின் தொடக்கத்தில் இசைத்தட்டு வடிவிலேயே வெளியிட்டார்கள், கிராமபோனில் வைத்தால் தேசிய கீதமும் நாட்டுப்பாடலும் கேட்கும். தபால்தலை சேர்த்த அப்பாவுக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை.

அங்கிருந்து நோர்சின் லாம் என்ற முக்கியத் தெரு வழியாக நடக்கலாம். திம்புவில் போக்குவரத்து விளக்கே கிடையாது. ஒருமுறை வைத்துப் பார்த்து, மக்களுக்குப் பிடிக்காமல் எடுத்துவிட்டார்கள். வண்ணம் தீட்டிய சின்னக் கூண்டில் வெள்ளைக் கையுறை போட்ட காவலர் நடன முத்திரை போலக் கைகாட்டி வண்டிகளை அனுப்புகிறார்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. எமா தட்சி தேசிய உணவு, ஆனால் அதில் மிளகாய்தான் காய்கறி, பாலாடைக்கட்டி குழம்பு. குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்சி கேளுங்கள், காரம் குறைவு. பெற்றோர் சைவம் என்றால் அதுவும் காளான் போட்ட ஷாமு தட்சியும் சிவப்பரிசிச் சோறும் போதும். சுஜா என்ற வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்கும், முதலில் ஒரு கோப்பை வாங்கிப் பகிர்ந்து பாருங்கள்.

பிற்பகலில் குன்செல்போத்ராங் மலைமேல் உள்ள புத்தர் டோர்டென்மா. ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரமான வெண்கலச் சிலை, பொன்முலாம் பூசியது. உள்ளே ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் சிறு புத்தர் சிலைகள். கீழிருந்து நீண்ட படிக்கட்டு உண்டு. பெற்றோர் இருந்தால் ஓட்டுநரிடம் மேலேயே போகச் சொல்லுங்கள். மேலே காற்று பலமாக இருக்கும், காதை மூட ஏதாவது வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கும் வாங் சூ ஆறும் முழு நகரமும் ஒரே பார்வையில் தெரியும்.

கோட்டையும் மடமுமான தாஷிச்சோ ஜோங்கை மாலைக்கு வையுங்கள். மன்னரின் அலுவலகமும் தலைமைத் துறவியின் கோடைக்கால இருக்கையும் ஒரே வளாகத்தில் இருப்பதால் வேலை நாட்களில் அலுவலக நேரம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். கொடி இறக்கும் சடங்கைப் பார்க்கும்படி போனால் குழந்தைகளும் சலிக்காமல் நிற்பார்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை கட்டாயம், தொப்பியைக் கழற்ற வேண்டும்.

கிளம்பும் முன் செலவைக் கணக்கிட்டுவிடுங்கள். நாங்கள் போனபோது இந்தியருக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம், 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழ் இலவசம். பெரியவர்களுக்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை, குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.