நரம்புப் பரிசோதனை நார்மல். ஆனாலும் பாதம் எரிவது ஏன்?

கேள்வி: என் வயது 52. ஓராண்டாக இரண்டு உள்ளங்கால்களும் மிளகாய்ப் பொடியைத் தேய்த்ததுபோல் எரிகின்றன. பகலில் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். இரவில் போர்வை பட்டாலே பொறுக்க முடியாமல், எழுந்துபோய் மொசைக் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 108. நரம்பு மின்கடத்தல் பரிசோதனையும் நார்மல். மனக்கவலைதான் காரணம் என்கிறார்கள். நான் சைவம். வயிற்றெரிச்சலுக்காக ஆறு ஆண்டுகளாகத் தினமும் பான்டோப்ரசோல் சாப்பிடுகிறேன். அவ்வப்போது சத்து ஊசியும் போட்டுக்கொள்வேன். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: உங்கள் எரிச்சலை மனக்கவலையின் கணக்கில் எழுதிவிட அந்தப் பரிசோதனை முடிவு போதாது. தொடு உணர்வையும் அதிர்வையும் தசை அசைவையும் கவனிப்பவை தடித்த நரம்பிழைகள். வலி, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றைக் கொண்டுசெல்பவை மிக மெல்லிய இழைகள். மின்கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளில் ஓடும் மின்துடிப்பை மட்டுமே அளக்கிறது. மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தாலும் அதில் எதுவும் தெரியாது. இரண்டு பாதங்களிலும் சமமாகத் தொடங்கி, இரவில் மிகுந்து, போர்வை உரசினாலே துன்பம் தருகிற எரிச்சல், மெல்லிய இழைப் பழுதுக்கு உரிய நன்கறிந்த அடையாளம்.

ஆகவே, இயந்திரத்துக்கு முன்பாக மருத்துவரின் கை உங்கள் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்ப்பதும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பதும் தடித்த இழைகளுக்கான சோதனைகள். குச்சியின் கூர்முனையும் குளிர்ந்த உலோகமும் எந்த இடம்வரை மழுங்கலாக உணரப்படுகின்றன என்பது மெல்லிய இழைகளின் நிலையைச் சொல்லிவிடும். பத்து நிமிட வேலைதான். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். கணுக்காலில் நாடித் துடிப்பையும், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து சர்க்கரை. 108 என்பதை உங்களுக்கு நார்மல் என்று சொல்லியிருக்கலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. அந்த நிலையிலேயே மெல்லிய இழைகள் பாதிக்கப்படுவது உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையுடன், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையும் உங்களுக்கு அவசியம். அந்த இரண்டாவது அளவு 140ஐத் தாண்டினால் ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி பான்டோப்ரசோல் பற்றியது. நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 உணவில் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. பாலிலும் தயிரிலும் மட்டுமே பி12 பெறுகிற ஒருவர் ஆண்டுக்கணக்கில் அமிலத்தையும் அடக்கிவைத்தால், கல்லீரலின் கையிருப்பு மெல்லக் கரைகிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. ஃபோலிக் அமில மாத்திரை ரத்தசோகையை மறைத்துவிட, நரம்பு பாட்டுக்குப் பழுதாகிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு; 200க்கும் 300க்கும் இடையே ஊசலாடினால், பி12 குறையும்போது ரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமிலத்தின் அளவையும் பார்ப்பது நல்லது. அதற்கு முன்னால் சத்து ஊசி போட்டிருந்தால் பி12 அளவு போலியாக உயர்ந்து நிற்கும். எனவே முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு ஊசி. அந்த ஊசிகளிலும் மாத்திரைகளிலும் உள்ள பி6, அளவுக்கு மீறி நீண்ட நாள் உடலில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பி வகைச் சத்துக்கும் கால் எரிச்சலுக்கும் உள்ள உறவு நம் ஊரில் புதிதன்று. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் 1946இல் இதைப் பற்றி எழுதியதால், கால் எரிச்சல் நோய்க்கூட்டத்துக்கு அவர் பெயரும் வழங்குகிறது.

தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், ஹெச்ஐவி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையையும் ஒரே முறையில் முடித்துவிடலாம். மதுப் பழக்கமோ, காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிட்டதோ, புற்றுநோய் மருந்தோ உண்டென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டில் தொழுநோயை மறந்துவிடக் கூடாது: உணர்வற்ற தேமல், முழங்கையின் உட்புறத்திலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ கயிறுபோல் தடித்த நரம்பு ஆகியவை தென்பட்டால் அரசு மருத்துவமனையிலேயே இலவச மருந்து கிடைக்கும்.

இவற்றில் எதுவும் பிடிபடாவிட்டால், கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்து, மேல்தோலுக்குள் நுழையும் நரம்பிழைகளை எண்ணலாம். இந்த வசதி சில பெரிய மையங்களில்தான் உண்டு. அது பழுது இருப்பதை உறுதிசெய்யுமே தவிர, பெரும்பாலும் அதன் காரணத்தைச் சொல்லாது. எல்லாம் பார்த்த பிறகும் காரணம் அகப்படாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களது வலியும் உண்மையானதே.

காரணத்தைத் தேடி முடிக்கும்வரை எரிச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நரம்பு வலியைத் தணிக்கும் டுலாக்ஸெடின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளில் உங்களுக்கு ஏற்றதை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கலாம். பான்டோப்ரசோலை நீங்களாக நிறுத்தாமல், அது இன்னும் தேவையா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். தரைக் குளிர்ச்சியில் தவறில்லை. ஐஸ் தண்ணீரில் காலை ஊறவைத்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். எரிச்சல் ஒரு காலில் மட்டும் நிலைத்தாலோ, சில நாள்களில் விறுவிறுவென முழங்காலைத் தாண்டினாலோ, நடக்கையில் பாதம் தொய்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, இந்த வரிசைக்காகக் காத்திராமல் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.