ஒருவருக்கு மட்டும் ரோஸ்ட்: எந்தக் குக்கர், எந்த இறைச்சி?

கேள்வி: ஓய்வு பெற்ற தாதியான நான் சுங்கை சிப்புட்டில் தனியாக வசிக்கிறேன். என் தகப்பனார் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் ஒரு சிறு துண்டு மாட்டிறைச்சியை ரோஸ்ட் செய்து தருவார். அந்த வழக்கத்தை விட எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் ஓவன் இல்லை. கடைத்தெருவில் உள்ள மின்சாதனக் கடையில் மல்டி-குக்கரைக் காட்டி, இதிலேயே ரோஸ்ட் செய்யலாம், 6 லிட்டர் அளவையே வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசமில்லை என்கிறார்கள். பெட்டியின் மேலும் சிவக்க வறுத்த இறைச்சியின் படம் இருக்கிறது. அரைக் கிலோ இறைச்சிக்காக இதை வாங்குவது சரிதானா? எந்த இறைச்சியை வாங்க வேண்டும்?
— வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: வாங்கலாம் அம்மா, ஆனால் 3 லிட்டர் அளவை வாங்குங்கள். அதற்கு முன் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ரோஸ்ட் என்பது உலர்ந்த சூட்டில் ஆவது. மல்டி-குக்கரோ மூடிய பாத்திரத்துக்குள் நீராவியை அடக்கி வேக வைக்கும் சாதனம். அழுத்தத்தில் அதன் உட்புறம் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடாகும், அதுவும் ஈரச் சூடு. அந்தச் சூட்டில் இறைச்சி மென்மையாகுமே தவிர மேற்புறம் சிவந்து மொறுமொறுக்காது. படத்தில் காணும் நிறம் வேண்டுமானால், மூடியைத் திறந்து வைத்து, வதக்கும் பொத்தானை அழுத்தி, முதலிலேயே நீங்கள் அதை உண்டாக்கிவிட வேண்டும். உங்கள் தகப்பனார் செய்தது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டப்பட்ட ரோஸ்ட் என்றால், அழுத்தத்தில் வேக வைக்கும் எந்தக் குக்கரிலும் அது வராது; அதற்குச் சிறிய மேசை ஓவன்தான் சரி. நன்றாக வெந்து, கரண்டியால் அழுத்தினாலே பிரிந்து, கெட்டியான குழம்போடு வருவதுதான் உங்களுக்கு வேண்டுமென்றால், இந்தச் சாதனம் அதை மிக நன்றாகச் செய்யும்.

அளவைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் வாதம் வீடு நிறைய ஆள் இருப்பவர்களுக்குப் பொருந்தும். அழுத்தம் உண்டாகப் பாத்திரத்தில் ஒரு குறைந்தபட்ச நீர் இருக்க வேண்டும்: 3 லிட்டர் குக்கருக்குப் பொதுவாக ஒரு கோப்பை, அதாவது சுமார் 250 மில்லி லிட்டர், 6 லிட்டர் குக்கருக்கு ஒன்றரைக் கோப்பை. அழுத்தத்தில் வேகும்போது நீர் ஆவியாகி வெளியேறுவது மிகக் குறைவு. இறைச்சியும் தன் சாற்றை விடும். ஆகவே பெரிய குக்கரில் அரைக் கிலோ இறைச்சியைப் போட்டால், அகன்ற அடியில் அது தனியாகக் கிடக்க, குழம்பு தண்ணீராக ஓடும். அதை வற்ற வைப்பதற்குள் உங்கள் பொறுமையும் வற்றிவிடும். பிள்ளைகள் வரும் நாளுக்குச் சிறியது போதாதே என்ற கவலையும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம் என்பதால், 3 லிட்டர் குக்கரில் நால்வருக்குத் தாராளமாகச் சமைக்கலாம்.

கடையில் நிற்கும்போது பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பதினான்கு வகைச் சமையல் என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே சூட்டுத் தகட்டை வெவ்வேறு நேரம் இயக்குபவைதான். அழுத்தம், வதக்கல், நேரத்தை நாமே மாற்றும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். சாதனத்தின் மீதே சிரிம் ஒட்டுவில்லை, அதாவது மலேசியத் தரச் சான்று முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியின் மீது இருந்தால் மட்டும் போதாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள், அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதல்ல என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்; நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். உட்பாத்திரம் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் இறைச்சியை வதக்கும்போது கீறல் பயம் இல்லை. மூடியின் உட்புறம் இருக்கும் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அந்த வளையம் தளர்ந்தால் குக்கர் வெறும் பானை. அது இறைச்சி வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், பாயசத்துக்கு வேறொரு வளையம் வைத்துக்கொள்வது உத்தமம்.

இறைச்சியில் விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். டெண்டர்லாயின் போன்ற மிருதுவான பகுதிகள் அழுத்தத்தில் வறண்டு போகும். அவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண். நார்களுக்கிடையே கொழுப்பும் இணைப்புத் திசுவும் ஓடுகிற தோள்பட்டைப் பகுதி, அதாவது சக், இதற்கு மிகவும் ஏற்றது. நெஞ்சுப் பகுதியும் நல்லதே. அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் நீண்ட நேர ஈரச் சூட்டில் ஜெலட்டினாக மாறுவதால்தான் இறைச்சி மென்மையும் குழம்பு வழவழப்பும் பெறுகின்றன. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இந்திய உறைந்த இறைச்சி எருமை இறைச்சியாகும். கொழுப்புக் குறைவு, நார் சற்று உறுதி. அதையும் வாங்கலாம், ஆனால் பத்து நிமிடம் கூடுதலாக வேக வையுங்கள். துண்டு போட்ட பொட்டலத்தை வாங்காமல், ஒரே கட்டியாக 500 முதல் 600 கிராம் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெந்ததும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறையும். மீதி இரண்டு வேளைக்கு வரும்.

உறைந்த இறைச்சியானால் முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். உப்பும் இடித்த மிளகும் தடவி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகே வதக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இறைச்சி வேகுமே தவிரச் சிவக்காது. எண்ணெய் நன்றாகச் சூடானதும் கட்டியை வைத்துவிட்டு நான்கைந்து நிமிடம் தொடாதீர்கள். பக்குவம் வந்ததும் அதுவே அடியை விட்டு எழும்பும், அப்போது திருப்புங்கள். எல்லாப் பக்கமும் சிவந்ததும் வெளியே எடுத்து, வெங்காயம், பூண்டு, இரண்டு கிராம்பு போட்டு வதக்கி, ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு கரண்டி கறுப்பு சோயாவும் ஊற்றி, அடியில் ஒட்டியதையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். இறைச்சியைத் திரும்ப வைத்து, உயர் அழுத்தத்தில் 55 நிமிடம் வேக விட்டு, பிறகு 15 முதல் 20 நிமிடம் அழுத்தம் தானாக இறங்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் இறைச்சி விறைத்துப்போகும். நேரத்தைத் தீர்மானிப்பது எடையைவிடக் கனம்தான் என்பதால், 8 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கட்டியை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

உருளைக்கிழங்கையும் காரட்டையும் முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். இறைச்சியை எடுத்து மூடி வைத்துவிட்டு, அதே குழம்பில் அவற்றைப் பெரிய துண்டுகளாகப் போட்டு ஐந்து நிமிடம் அழுத்தம் கொடுங்கள். சோள மாவைக் கடைசியில்தான் கரைத்து ஊற்ற வேண்டும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: இதே போன்ற குக்கரை இரண்டு மாதத்துக்கு முன் வாங்கினேன். இறைச்சி வைக்கும்போதெல்லாம் அடிப்பிடிக்கும் எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடுகிறது. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதில் எழுதியிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், குளுவாங், ஜொகூர்

பதில்: முதலில் வெறும் தண்ணீர் இரண்டு கோப்பை ஊற்றி, ஐந்து நிமிடம் அழுத்தத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது ஒழுங்காக வேலை செய்தால் குக்கரில் பழுதில்லை. வதக்கியபின் அடியில் ஒட்டியதைச் சுரண்டாமல் விட்டதோ, மாவைக் கரைத்த கெட்டியான குழம்பை ஊற்றியதோதான் காரணமாக இருக்கும். தண்ணீரிலும் எச்சரிக்கை வந்தாலோ, மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தாலோ, அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ரசீதில் எதை அச்சிட்டாலும் அந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரர் விலக முடியாது. பழுதை நீக்கித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. அதற்கும் அசையாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள். சூட்டில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும்.